சட்டத்தில் சம்பளம் எழுதாத நாடு

போன மாதம் தொழில் திணைக்களத்தில் ஒரு வேலையாகக் கொழும்புக்குப் போய்விட்டு மகளோடு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். கல்பொடையைத் தாண்டி வட்டவளைக்கு வருமுன் ரயில் நின்றுவிட்டது. முன்னால் பாதையில் மண் விழுந்துவிட்டதாம். அடைமழை. மூன்று மணி நேரம் அசையவில்லை. எதிர் ஆசனத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா, ஐம்பது வயதிருக்கும். என் மகள் ஆங்கிலம் படிப்பிக்கும் ஆசிரியை, சும்மா இருப்பாளா? பேச்சுக் கொடுத்துவிட்டாள். எனக்கும் அலுவலக ஆங்கிலம் கொஞ்சம் வரும். விளங்காத இடத்தில் மகளிடம் கேட்டுக்கொண்டேன்.

அந்த அம்மா பிறந்தது அவுஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில் பழத்தோட்டங்கள் நிறைந்த ஷெப்பர்ட்டன் என்ற ஊரில். சுவீடன்காரரைக் கலியாணம் முடித்து, பதினொரு வருடமாக அந்த நாட்டின் வடக்கே ஊமெயோ என்ற நகரத்தில் இருக்கிறார். வயோதிபர் இல்லத்தில் வேலை. லீவு எடுத்துக்கொண்டு தேயிலை மலையைப் பார்க்க வந்திருக்கிறார். நான் தொழிற்சங்கத்தில் வேலை செய்பவன் என்று மகள் சொன்னதும், தானும் ஒரு சங்கத்து ஆள்தான் என்று கை கொடுத்தார். அதற்குப் பிறகு நேரம் போனதே தெரியவில்லை.

வெள்ளைக்காரன் நாடு எல்லாம் ஒன்று என்றுதான் நாம் நினைக்கிறோம். அந்த அம்மாவுக்கோ சுவீடன் அந்நிய தேசமாகவே இருந்திருக்கிறது. அவுஸ்திரேலியாவில் பஸ் தரிப்பிடத்தில் முன்பின் தெரியாதவரோடும் நாலு வார்த்தை பேசுவார்களாம். சுவீடனிலோ பஸ்ஸுக்கு நிற்கும் இரண்டு பேருக்கு இடையில் இன்னும் இரண்டு பேர் நிற்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் படியில் இறங்கும் சத்தம் கேட்டால், அவர் போகும்வரை கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டு வெளியே வருவார்களாம். மருந்துக் கடையில் முதலில் ஓர் இலக்கத் துண்டை இழுத்து எடுக்க வேண்டும். இலக்கம் வரும்வரை யார் யாரையும் முந்தமாட்டார்கள். நாட்டுக்குள் போன புதிதில் அடையாள இலக்கம் கிடைக்கும்வரை வங்கிக் கணக்கு இல்லை, ஒழுங்கான தொலைபேசி இணைப்பு இல்லை, ஒன்றும் இல்லை. "அந்த இலக்கம் இல்லாவிட்டால் அங்கே நீ ஆளே இல்லை" என்றார். பிரஜாவுரிமைக்கும் அடையாள அட்டைக்கும் நம் சனம் அலைந்த அலைச்சலை அவரிடம் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? விட்டுவிட்டேன்.

மாடி வீடுகளின் கீழே உடுப்புக் கழுவும் பொது அறை இருக்குமாம். அந்தக் கட்டடத்தில் குடியிருக்கும் எல்லோருக்கும் அதே யந்திரங்கள்தான். எந்த நாள், எத்தனை மணி என்று முன்கூட்டியே பேர் எழுத வேண்டும். பத்து நிமிடம் பிந்தினால் கதவில் கோபமாக ஒரு கடிதம் ஒட்டியிருக்கும். வாயால் ஏசமாட்டார்கள், எழுதித்தான் ஏசுவார்கள். நம் பீலிக்கரைச் சண்டையை நினைத்து மகள் சிரித்துவிட்டாள். ஆனால் அந்த அறைக்கு ஒரு கதை உண்டு. வாடகைக் குடியிருப்பாளர்கள் 1923இல் சேர்ந்து ஆரம்பித்த வீடமைப்புக் கூட்டுறவு, 1920களிலேயே தொழிலாளர் வீடுகளின் கீழே கழுவும் அறை கட்டத் தொடங்கியது. அதற்கு முன் அந்தப் பெண்கள் பனிக்காலத்திலும் ஏரிக்கரையில் முழங்காலில் நின்று துவைத்தவர்கள். பீலியில் தண்ணீர் வராத நாளில் ஆற்றுக்கு இறங்கும் நம் பெண்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

டிசம்பரில் ஊமெயோவில் பகல் வெளிச்சம் நாலைந்து மணி நேரம்தானாம். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புவது. நத்தாரை வெயிலில் கொண்டாடி வளர்ந்தவருக்கு முதல் இரண்டு வருடம் அழுகையாகவே வந்ததாம். ஒரு சிநேகிதி கிடைக்க நாலு வருடம் சென்றது என்றார். அதனால் அது சொர்க்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வீரியம் குறைந்த பியரைத் தாண்டிய சாராய வகை வாங்க அரசாங்கக் கடைக்குத்தான் போக வேண்டும். சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணியோடு அதுவும் மூடிவிடும், ஞாயிறு திறக்காது. அவுஸ்திரேலியர்களுக்கு இது பெரிய மனக்குறையாம். எனக்கு அதில் மனக்குறை இல்லை. அந்த நாட்டில் தொழிலாளர் இயக்கமும் மது ஒழிப்பு இயக்கமும் ஒரே காலத்தில், பல இடங்களில் ஒரே ஆட்களைக் கொண்டு வளர்ந்தவை. நம் தோட்டங்களில் சம்பள நாளன்று எந்தக் கடையில் கூட்டம் என்று எல்லோருக்கும் தெரியும்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு விஷயம். அந்த இல்லத்தில் காலையும் மாலையும் வேலையை நிறுத்திவிட்டுக் கோப்பி குடிப்பார்கள். ஃபீக்கா என்று அதற்குப் பெயர். கறுவாப் பணிஸும் கோப்பியும். நிலம் துடைப்பவர், தாதி, நிர்வாகி, வந்திருக்கும் டாக்டர் எல்லோரும் ஒரே மேசையில். எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லி 'து' என்று அழைப்பார்கள். 'து' என்றால் 'நீ'. அவுஸ்திரேலியாவிலும் முதலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது உண்டு. ஆனால் துப்புரவுத் தொழிலாளி பேசி முடிக்கும்வரை நிர்வாகி காத்திருந்ததை அங்கேதான் பார்த்தேன் என்றார்.

சுவீடன் எப்போதும் அப்படி இருந்த நாடு அல்ல. 1960கள் வரை மேலதிகாரியிடம் பேசும்போது அவருடைய பதவியைச் சொல்லித்தான் பேச வேண்டும். "டாக்டர் கோப்பி குடிப்பாரா?" என்று டாக்டரிடமே கேட்பார்கள். 1967இல் மருத்துவத் துறையின் தேசிய நிர்வாகத்துக்குத் தலைவராக வந்த புரோர் ரெக்செட் என்பவர், தன் கீழ் வேலை செய்யும் அனைவரையும் பெயர் சொல்லி 'து' என்றே அழைக்கப் போவதாகவும், அவர்களும் தன்னை அப்படியே அழைக்கலாம் என்றும் அறிவித்தார். அந்த மாற்றம் ஏற்கனவே தொடங்கியிருந்தது, இவர் பேர் நின்றுவிட்டது. சில வருடங்களுக்குள் நாடே மாறிப்போனது.

நம் தோட்டத்தில் இன்றைக்கும் "துரை என்ன சொல்றாங்க?" என்று துரையிடமே கேட்கிறோம். முகத்தைப் பார்த்து "நீங்க" என்று சொல்லவே நாக்கு எழும்பாது. அங்கிருந்து திரும்பி வருவதோ "வா", "போ". ஓய்வுபெறும் வயதில் இருக்கும் அம்மாவுக்கும் அதே "வா, போ"தான், சொல்பவர் நேற்று வந்த சின்னத்துரையாக இருந்தாலும். எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்று கூப்பிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எல்லோருக்கும் 'நீங்க' கிடைத்தால் எனக்குப் போதும்.

லீவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு 25 வேலை நாள் சம்பளத்தோடு லீவு, சட்டப்படி. குழந்தை பிறந்தால் தாய்க்கும் தகப்பனுக்குமாகச் சேர்த்து 480 நாள் கொடுப்பனவோடு லீவு. அதில் 90 நாள் தகப்பனுக்கே உரியது, தாய்க்கு மாற்றிக் கொடுக்க முடியாது. தகப்பன்மாருக்கும் இந்த லீவை 1974இலேயே திறந்துவிட்டார்கள். ஆம்பிளைகள் பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டப்பகலில் நடப்பது, போன புதிதில் அவருக்கு வேடிக்கையாக இருந்ததாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் நின்றாலும் கொடுப்பனவு உண்டு. நம் பெண்களுக்கு 84 நாள் பிரசவ லீவு. தகப்பனுக்குச் சட்டத்தில் ஒரு நாளும் இல்லை. பிள்ளைக் காம்பராவில் விட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்று மலைக்குச் செய்தி வந்தால், அன்றைய பேர் அரைப்பேராகிவிடும்.

இவ்வளவையும் கேட்ட பிறகு, எந்தச் சங்கத்துக்காரனும் கேட்கும் கேள்வியை நானும் கேட்டேன். அங்கே ஆகக் குறைந்த சம்பளம் எவ்வளவு?

"அப்படி ஒன்று இல்லை" என்றார்.

எனக்கு விளங்கவில்லையோ என்று மகளைப் பார்த்தேன். அவளும் திருப்பிக் கேட்டாள். அதே பதில். சுவீடனில் ஆகக் குறைந்த சம்பளச் சட்டம் கிடையாது. தானும் போன புதிதில் இதையே கேட்டுத் திகைத்ததாகச் சொன்னார். அவுஸ்திரேலியாவில் 1907இலேயே ஒரு நீதிபதி, சாதாரணத் தொழிலாளி ஒருவர் மனைவி பிள்ளைகளோடு வாழ நாளுக்கு ஏழு ஷில்லிங் வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். இன்றைக்கும் வருடா வருடம் ஓர் ஆணைக்குழு சம்பளத்தை அறிவிக்கிறது; 2025 ஜூலை முதல் மணிக்கு 24.95 டொலர். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவருக்கு, சட்டம் இல்லாத சம்பளம் கூரை இல்லாத வீடு மாதிரித்தானே தெரியும்?

அந்தக் கூரை கூட்டு ஒப்பந்தத்தில் இருக்கிறது. பத்துத் தொழிலாளரில் ஏறக்குறைய ஒன்பது பேர் ஏதோ ஒரு கூட்டு ஒப்பந்தத்துக்குள் அடங்குகிறார்கள். பத்தில் ஏழு பேர் சங்கத்தில் அங்கத்தவர்கள். அவுஸ்திரேலியாவில் இப்போது ஏழெட்டுப் பேருக்கு ஒருவர்தான் சங்கத்தில் இருக்கிறார். 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் ஆகக் குறைந்த சம்பளம் பற்றி ஒரு பணிப்புரை கொண்டுவந்தபோது, அதை எதிர்த்தவர்களில் சுவீடன் தொழிற்சங்கங்களும் இருந்தன. கேட்டால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். அவர்கள் சொல்லும் நியாயம் இதுதான்: அரசாங்கம் தரும் சம்பளத்தை அரசாங்கமே நிறுத்தி வைக்கலாம், நாம் பேசி வாங்கியதை நாம்தான் காக்க வேண்டும்.

இது குளிர் நாட்டுக்காரரின் சாந்த சுபாவத்தில் வந்ததல்ல. 1909இல் அவர்கள் நடத்திய பொது வேலைநிறுத்தம் தோற்றுப்போய், இரண்டு மூன்று வருடங்களில் சங்க அங்கத்தவர் தொகை பாதியாகக் குறைந்தது. 1931 மே மாதம் ஓடாலன் என்ற மர ஆலைப் பிரதேசத்தில், கருங்காலிகளைக் கொண்டுவந்து வேலை செய்வித்ததை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் மீது இராணுவம் சுட்டது. ஐந்து பேர் செத்தார்கள். ஒன்பது வருடம் கழித்து 1940 ஜனவரியில் முல்லோயாவில் நம் கோவிந்தன் விழுந்ததைப் போலத்தான். 1938இல்தான் அங்கே தொழிற்சங்கச் சம்மேளனமும் முதலாளிமார் சம்மேளனமும் சால்ட்ஷேபாடன் என்ற ஊரில் உட்கார்ந்து, எப்படிப் பேசுவது, எப்போது வேலைநிறுத்தம் செய்யலாம் என்று அடிப்படை ஒப்பந்தம் எழுதின. இரண்டு வாரம் சம்பள லீவு சட்டமானதும் அதே வருடம்தான்.

அந்த ஒப்பந்தத்தை மதிக்காதவர் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. டெஸ்லா கார் கம்பனி கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தது. அதன் திருத்தகங்களில் 2023 ஒக்டோபர் 27ஆம் திகதி உலோகத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியது. துறைமுகத் தொழிலாளர் அந்தக் கார்களை இறக்க மறுத்தார்கள். தபால் தொழிலாளர் அந்தக் கார்களின் இலக்கத் தகடுகளைக் கொண்டுபோகவில்லை. மின்சாரத் தொழிலாளர் சார்ஜ் நிலையங்களைத் திருத்தப் போகவில்லை. "எங்கள் நாட்டில் தபால்காரர் இப்படிச் செய்தால் நீதிமன்றத்துக்கு இழுத்துவிடுவார்கள்" என்றார் அந்த அம்மா. இன்னொரு கம்பனியின் தொழிலாளிக்காக வேலையை நிறுத்துவதை அவுஸ்திரேலியச் சட்டம் பெரும்பாலும் தடுக்கிறது. சுவீடனில் அது உரிமை. அப்படியிருந்தும் அந்தப் போராட்டம் வருடக் கணக்கில் இழுபட்டது. பெரிய பணத்தின் முன்னால் அந்தக் கூரையும் ஆடத்தான் செய்கிறது.

இதைக் கேட்டு "பார்த்தீர்களா, சங்கம்தான் எல்லாம்" என்று எழுதிவிட்டுப் போனால் நம் சங்கத் தலைவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அங்கே ஒரு வேலைத்தலத்தில் உடலுழைப்புத் தொழிலாளருக்குப் பெரும்பாலும் ஒரே சங்கம்தான். நம் தோட்டத்தில் ஒரே லயத்தில் மூன்று சங்கத்து ஆட்கள். தேர்தல் வந்தால் நாலாகும். அங்கே வேலை இழந்தவருக்குக் கொடுப்பனவு தரும் நிதிகளைச் சங்கங்களே ஒட்டி நடத்துகின்றன; சந்தாவுக்கு என்ன கிடைக்கிறது என்று அங்கத்தவருக்குக் கணக்குத் தெரியும். "சந்தா பிடிக்கிறாங்க, என்ன செய்றாங்க?" என்று நம் பெண்கள் கேட்கும் கேள்விக்கு நாம் ஒழுங்காகப் பதில் சொன்னோமா? 2021இல் சம்பள நிர்ணய சபை ஆயிரம் ரூபா நாட்சம்பளத்தைத் தீர்மானித்தபோது கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு வெளியேறின. ஆயிரம் வந்ததே என்று நாமும் இருந்துவிட்டோம். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ, கழிவு எவ்வளவு, குறைந்தால் அரைப்பேரா என்பதையெல்லாம் வர்த்தமானி பேசாது. அதைப் பேசும் மேசையைத்தான் நாம் இழந்தோம்.

கிலோ என்று வந்தபோது அந்த அம்மா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். மழையில் கொழுந்துச் சாக்கோடு சில பெண்கள் பாதையோரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். "இதைப் போல எங்கள் ஊரிலும் உண்டு" என்றார்.

சுவீடனில் யாருடைய காட்டிலும் யாரும் நடக்கலாம், காட்டுப்பழம் பறிக்கலாம். அது பழைய பொது உரிமை. கோடை முடிவில் காடெல்லாம் நீல நிறப் புளூபெரியும் சிவப்பு லிங்கொனும் பழுக்கும். குடும்பமாகப் போய் வாளியில் நிரப்பிக்கொண்டு வருவது அந்த நாட்டுக்காரருக்கு விளையாட்டு மாதிரி. விற்பனைக்குப் பறிப்பவர்களோ வேறு ஆட்கள். தாய்லாந்தின் வடகிழக்கு நெல் கிராமங்களிலிருந்து விமானத்தில் கொண்டுவரப்படுகிறார்கள். பல் வைத்த சீப்பு மாதிரி ஓர் அள்ளுகருவியை வைத்து, விடியற்காலையிலிருந்து இருட்டும்வரை சேற்றிலும் நுளம்பிலும் அள்ளுவார்கள். பின்னேரம் நிறுவை. விமானச் சீட்டுக்கும் முகவருக்கும் வீட்டில் கடன் வாங்கித்தான் வருகிறார்கள். 2009இல் பழம் சரியாக விளையவில்லை. பலர் கடனோடு வெறுங்கையாகத் திரும்பினார்கள். அங்கேயே ஆர்ப்பாட்டமும் செய்தார்கள். வெளிநாட்டுக் கம்பனி மூலம் வருபவர்களுக்கு உத்தரவாதச் சம்பளம் காட்டினால்தான் வேலை அனுமதி என்ற நிபந்தனை அதற்குப் பிறகுதான் இறுகியது. இந்த அம்மா இருக்கும் உள்ளூராட்சித் தொழிலாளர் சங்கமே பழம் பறிப்பவர்களுக்கும் ஒப்பந்தம் பேசுகிறது. ஆனாலும், "காட்டுக்குள் யார் போய் மணிக்கணக்குப் பார்ப்பது? அவர்களுடைய பாஷை எங்களுக்குத் தெரியாது, இரண்டு மாதத்தில் போய்விடுவார்கள், பெரும்பாலும் அங்கத்தவரும் இல்லை" என்றார். ஃபீக்கா மேசையில் எல்லோருக்கும் இடம் இருக்கிறது என்று சொன்னாரே, அந்த மேசைக்கு வராத ஆட்கள் இவர்கள்.

அவருடைய தாய் ஷெப்பர்ட்டனில் பேரிக்காய் பறித்தவர். பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. நல்ல மரம் கிடைத்தால் காசு, கெட்ட வரிசை கிடைத்தால் சாப்பாட்டுக்கும் காணாது. அவுஸ்திரேலியாவில் இந்த முறையை எதிர்த்து அவுஸ்திரேலியத் தொழிலாளர் சங்கம் ஆணைக்குழுவுக்குப் போனது. 2021 நவம்பரில் தீர்ப்பு வந்தது: பறித்த அளவுக்குக் கூலி கொடுக்கலாம், ஆனால் எவ்வளவு பறித்தாலும் வேலை செய்த மணிகளுக்குரிய ஆகக் குறைந்த சம்பளத்துக்குக் கீழே போகக் கூடாது, மணிக்கணக்கை முதலாளி எழுதி வைக்க வேண்டும். 2022 ஏப்ரல் 28 முதல் அது நடைமுறை. அவருடைய தாய் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

நான் இதை எழுத உட்கார்ந்தது அந்தத் தீர்ப்புக்காகத்தான். நாட்சம்பளம் வேண்டாம், பறிக்கும் கிலோவுக்குக் காசு வாங்குங்கள், கூடச் சம்பாதிக்கலாம் என்று நம் கம்பனிகளும் சில வருடங்களாகச் சொல்லி வருகின்றன. நல்ல மாதத்தில் கைக்காசு பார்த்த சில பிள்ளைகளுக்கு அது ஆசையாகவும் இருக்கிறது. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் வரட்சி மாதத்தில், பசளை போடாத மலையில், காடு மண்டிய நிரையில் எத்தனை கிலோ வரும்? கிலோவுக்குக் காசு என்றால், மலையைத் துப்புரவாக வைக்காத குற்றத்துக்கும் தண்டம் கட்டுவது பறிப்பவர்தான். தரைச் சம்பளம் நிற்க வேண்டும். கிலோ அதற்கு மேலே வரட்டும். அந்தத் தரை அவுஸ்திரேலியாவில் தீர்ப்பாக வந்தது, சுவீடனில் ஒப்பந்தமாக இருக்கிறது. நமக்கு வர்த்தமானியில் பாதிதான் இருக்கிறது. மற்றப் பாதியைப் பேசி எழுத ஒரு மேசை வேண்டும், அந்த மேசைக்கு எல்லாச் சங்கமும் ஒரே கோரிக்கையோடு போக வேண்டும். இதை எழுதினால் எங்கள் அலுவலகத்திலேயே சிலருக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

அதற்கு முதலில் நம் கையில் கணக்கு வேண்டும். தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிமாரும் இந்த மாதம் முழுவதும் ஒரு கொப்பியில் நாலு விஷயத்தைக் குறித்து வையுங்கள்: அன்றைக்கு எத்தனை கிலோ கேட்டார்கள், தராசில் எவ்வளவு நின்றது, தண்ணீருக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழித்தார்கள், எத்தனை பேருக்கு அரைப்பேர் விழுந்தது. எந்தச் சங்கத்து ஆள் என்று பார்க்க வேண்டாம், மலையில் நிற்கும் எல்லோருடையதையும் எழுதுங்கள். அடுத்த மாதம் பத்தாம் திகதிக்குமுன் கிளைக் காரியாலயத்தில் கொடுங்கள். எழுத வராதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். என் மகள் தன் வகுப்புப் பிள்ளைகளிடம் ஏற்கனவே சொல்லிவிட்டாள்.